இரண்டாவது தோல்வி வரைக்கும்: பிரிஸ்டலில் ஒரு வாரம்

முதல் நாள், வெள்ளி

நியூ ஜெர்ஸியின் எடிசனில் அக்கா வீட்டு வாசலிலிருந்து காலை ஒன்பதரைக்கு வண்டி கிளம்பியது. அத்தான் ஓட்ட, பக்கத்தில் நான். பின்சீட்டில் மருமகன், மடியில் ஒரு நோட்டு. அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு நாளைக்குத் தாங்கும் என்று புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள்.

போகிற ஊர் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டல். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் லிட்டில் லீக் பேஸ்பால் மண்டலப் போட்டி அங்கே நடக்கிறது. ஒரு மாதம் அக்கா வீட்டில் தங்க வந்தவன் நான். நயாகரா பார்க்கலாம் என்றார் அத்தான். மருமகன் முகம் பிரிஸ்டல் என்றது. பிரிஸ்டலுக்கே போகலாம் என்றேன்.

ஹட்சன் ஆற்றைத் தாண்டும்போது அவன் நோட்டைத் திறந்து முன்சீட்டுக்கு நீட்டினான். பக்கம் முழுக்கக் கோடுகள். இரண்டு கோடு சேர்ந்து ஒன்றாகிறது, அது இன்னொன்றோடு சேர்ந்து வலப்பக்கம் நகர்கிறது. இதைத்தான் பிராக்கெட் என்கிறார்கள். கீழே தனியாக இன்னொரு கோட்டுக் கூட்டம் இருந்தது.

"மேல ஜெயிக்கறவங்க ரோடு, கீழ தோத்தவங்க ரோடு மாமா."

"தோத்தவங்களுக்கு எதுக்குலே ரோடு? பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"இங்க ரெண்டு தடவ தோத்தாதான் வீட்டுக்கு."

எங்கள் ஊர்ப் பக்கம் கபடிப் போட்டி என்றால் நாக் அவுட்தான். விடிய விடிய நடக்கும். இரவு ஒன்பது மணிக்கு முதல் ஆட்டத்தில் தோற்றால் அடுத்த வருடம் வரை அந்த மைதானத்தில் உங்களுக்கு வேலையில்லை. அப்படித் தோற்று, விடியற்காலை முதல் பஸ்ஸுக்காகக் காத்திருந்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. அதனால் அந்தக் கீழ்க் கோடுகளைத்தான் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிரிஸ்டல் வரைக்கும் ஓர் அணி எப்படி வருகிறது என்பதையும் கேட்டுக்கொண்டேன். முதலில் அந்தந்த ஊர் லீக். சீசன் முடிந்ததும் அந்த லீக்கில் ஆடிய பிள்ளைகளிலிருந்து ஒரு ஆல் ஸ்டார் அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த லீக்கின் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் அல்லது அங்கே படிக்க வேண்டும். பத்து இருபது லீக் சேர்ந்தது ஒரு டிஸ்ட்ரிக்ட். அதில் ஜெயித்தால் நியூ ஜெர்ஸியில் செக்‌ஷன், அதற்கு மேல் மாநிலம், அதற்கும் மேல் மண்டலம். மண்டலத்தையும் வென்றால் பென்சில்வேனியாவின் சவுத் வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கும் உலகத் தொடர். 1939இல் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் வில்லியம்ஸ்போர்ட்டில் மூன்றே அணிகளை வைத்துத் தொடங்கியதுதான் இந்த லிட்டில் லீக்.

மருமகனின் அணி இந்த வருடம் டிஸ்ட்ரிக்ட் இறுதி வரை போனது. அதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள், சனி

மைதானம் இருக்கும் வளாகத்துக்கு பார்ட்லெட் ஜியாமட்டியின் பெயர். யேல் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்து, பிறகு 1989இல் அமெரிக்க பேஸ்பாலின் ஆணையரானவர். பதவியேற்று ஐந்தே மாதத்தில் இறந்துபோனார். அணிகள் வளாகத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. பெற்றோர் வெளியே ஹோட்டலில். ஒரு வாரம் பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறான், ஆனால் இரவுச் சாப்பாடு வேறு கூட்டத்தோடு.

நாங்கள் பார்க்க வந்தது மெட்ரோ மண்டலம். நியூ ஜெர்ஸி, நியூயார்க், கனெக்டிகட், ரோட் ஐலண்ட் என்று நான்கு அணிகள். இந்த மண்டலமும் மவுண்டன் மண்டலமும் 2022இல்தான் களத்துக்கு வந்தன. உலகத் தொடர் 16 அணியிலிருந்து 20 அணியாக விரிந்ததும் அந்த வருடம்தான். இப்போது அமெரிக்காவுக்குள் பத்து மண்டலங்கள். நான்கு அணி மண்டலமும் உண்டு, டெக்சாஸ், லூசியானா எல்லாம் அடங்கிய தென்மேற்கு போல எட்டு அணி மண்டலமும் உண்டு.

எந்த அணி எந்த மாநிலம் என்று இங்கே எழுதப்போவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், தோற்றது யார் என்று பெயரோடு இணையத்தில் கிடக்க வேண்டாம். சட்டை நிறத்தையே பெயராக வைத்துக்கொள்கிறேன்.

முதல் ஆட்டம் சிவப்புக்கும் பச்சைக்கும். ஆறு இன்னிங்ஸ்; ஒரு இன்னிங்ஸ் என்றால் இரண்டு அணியும் ஒரு முறை மட்டை பிடிப்பது. பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் 46 அடிதான் என்பதால் பந்து வந்து விழுவதைக் கண் தொடர்வதற்குள் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் சத்தம் கேட்டுவிடுகிறது. பச்சை அணியின் பிட்சர் உயரமான பையன், ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் தொப்பியின் விளிம்பைத் தொடுவான். மருமகன் நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு போட்டான், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்தான். எங்கள் ஊர்ப் பால்காரர் கணக்கு வைப்பது போலவே.

ஸ்கோர்தான் ஓடுகிறதே, இது எதற்கு என்றேன்.

"ஸ்கோர் இன்னைக்கு மட்டும்தான் மாமா. இதுதான் வாரம் பூரா வரும்."

அவன் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. அதோடு நிற்கவில்லை. 20 பந்து வரை வீசினால் அடுத்த நாளே மறுபடி வீசலாம். 21இலிருந்து 35 வரை என்றால் ஒரு நாள் ஓய்வு. 50 வரை இரண்டு நாள். 65 வரை மூன்று நாள். 66 தொட்டுவிட்டால் நான்கு நாள். ஒரு பேட்டருக்கு வீசிக்கொண்டிருக்கும்போது எல்லை வந்தால் அந்த பேட்டரை முடிக்கலாம், கணக்கு எல்லையிலேயே நிற்கும். 41 பந்து வீசியவன் அன்றைக்குக் கேட்சராகவும் உட்காரக் கூடாது.

இந்த விதி 2007இல் வந்தது. அதற்கு முன்பு இன்னிங்ஸைத்தான் எண்ணினார்கள். ஒரு இன்னிங்ஸில் பத்து பந்தும் போகலாம், நாற்பதும் போகலாம். முழங்கைக்கு இன்னிங்ஸ் தெரியாது. வளரும் வயதில் எலும்பு முனை இன்னும் முழுசாக இறுகியிருக்காது. அதை வாரக்கணக்கில் இழுத்தால் என்ன ஆகும் என்று இங்குள்ள அம்மாக்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது.

பச்சைப் பையன் 74 பந்து வீசினான். சிவப்பு அணியின் முதல் பிட்சரை அவர்கள் கோச் 35இல் நிறுத்தி, வேறு பையனை அனுப்பினார். சிவப்பு ஒரு ரன்னில் ஜெயித்தது. பச்சை கீழ்ச் சாலைக்குப் போனது, அதுவும் தன் முதல் பிட்சரை நான்கு நாள் இழந்துவிட்டு.

மருமகன் நோட்டில் எழுதினான்: பச்சை 1, வியாழன். அதாவது பச்சையின் முதல் பிட்சர் வியாழன்தான் மறுபடி வீசலாம்.

இரண்டாவது ஆட்டம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும். நான்கு இன்னிங்ஸ் முடிந்தபோது நீலம் பத்து ரன்னுக்கு மேல் முன்னால் இருந்ததால் அதோடு முடித்துவிட்டார்கள். அந்த விதியும் நல்லதுதான். தோற்கிற பிள்ளைகளை எவ்வளவு நேரம் வெயிலில் நிறுத்துவது?

மூன்றாம் நாள், ஞாயிறு

தோற்ற இரண்டு அணிகளின் ஆட்டம் இன்று மாலை. அதற்கு முன் லேக் காம்பவுன்ஸ் போனோம். 1846இலிருந்து தொடர்ந்து நடக்கும் பொழுதுபோக்குப் பூங்கா, இந்த நாட்டிலேயே மிகப் பழையது. மர ரோலர் கோஸ்டரில் அத்தானும் மருமகனும் ஏறினார்கள், நான் கீழே நின்று கையசைத்தேன்.

மூன்று மணிக்கு மேல் மேற்கே கருத்தது. மைதானத்துக்குப் போய் உட்கார்ந்ததும் இடி. இடி கேட்டால் எல்லோரும் உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் கழிந்த பிறகுதான் வெளியே வரலாம். இருபத்தைந்தாவது நிமிடத்தில் அடுத்த இடி. மறுபடி முதலிலிருந்து. இரவு ஒன்பதுக்கு ஆட்டத்தை நாளைக்குத் தள்ளிவிட்டதாக அறிவித்தார்கள். அட்டவணை முழுவதும் ஒரு நாள் நகர்ந்தது. புதன்கிழமை இறுதி ஆட்டம் வியாழனாயிற்று.

காரில் ஏறும் வரை எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மழையில் நனைந்திருந்த நோட்டைத் துடைத்துக்கொண்டே மருமகன் சொன்னான்: "மாமா, பச்சைக்குப் பிட்சர் திரும்ப வந்துட்டான்."

சனிக்கிழமை 74 பந்து. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று நான்கு நாள் ஓய்வு. இறுதி ஆட்டம் புதனில் நடந்திருந்தால் அவன் ஆடாதவர்கள் இருக்கும் டக்அவுட்டில்தான் உட்கார்ந்திருப்பான். ஓய்வைக் காலண்டர் நாளில் எண்ணுகிறார்கள், ஆட்டங்களில் அல்ல. வானம் கொட்டினாலும் அது ஒரு நாள்தான். ஆனால் இறுதிக்கு வர பச்சை இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும், அவன் இல்லாமல்.

நான்காம் நாள், திங்கள்

பச்சை, மஞ்சளை வென்றது. இரண்டாவது பிட்சர் 48 பந்து. அவனும் வியாழனுக்குத்தான். மஞ்சள் அணி வீட்டுக்கு. அவர்களின் கோச் மைதானத்தின் ஓரத்தில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொன்னார். வேலிக்கு இப்பால் நின்றவர்கள் யாரும் நகரவில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய்

தோற்காத இரண்டு அணிகளின் ஆட்டம். சிவப்பும் நீலமும். ஜெயித்தால் நேராக இறுதி, நடுவில் ஒரு நாள் ஓய்வு. தோற்றால் நாளைக்கே பச்சையோடு வாழ்வா சாவா ஆட்டம்.

எனக்கு இந்த ஏழு நாளில் மறக்க முடியாதது இந்த ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸ். சிவப்பின் முதல் பிட்சர், சனிக்கிழமை 35இல் நிறுத்தப்பட்டவன், இன்று மறுபடி வீசுகிறான். ஒரு ரன் முன்னிலை. ஒரு பேட்டர் முடிந்ததும் மருமகனின் கோடுகள் சரியாக 35ஐத் தொட்டன. இங்கே நிறுத்தினால் நாளை ஒரு நாள் ஓய்வு, வியாழன் இறுதிக்கு அவன் தயார். அடுத்த பேட்டருக்கு ஒரு பந்து போட்டாலும் இரண்டு நாள் ஓய்வு, இறுதியில் இல்லை. கோச் டக்அவுட் படியில் ஒரு காலை வைத்து நின்றார். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் அந்த எண் தெரிந்திருந்தது. ஒருவரும் பேசவில்லை.

கோச் அசையவில்லை. பையன் 36ஆவது பந்தை வீசினான்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஏன் இப்படிச் செய்தார்? இரவு ஹோட்டலில் மூன்று பேரும் பேசிப் பார்த்தபோதுதான் அவர் பக்கம் புரிந்தது. இன்று அவனை எடுத்துவிட்டுத் தோற்றால் நாளை ஓர் ஆட்டம் கூடும். அதற்கு இரண்டு மூன்று கைகள் செலவாகும். அதிலும் தோற்றால் இறுதியே இல்லை. கையில் இருக்கும் இன்றைய ஆட்டத்தை வென்றுவிடு, வியாழனை வியாழனில் பார்த்துக்கொள்வோம். சிவப்பு ஜெயித்தது. பையன் மொத்தம் 72.

நோட்டில்: சிவப்பு 1, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை இங்கே பேஸ்பால் இருக்காது.

பிராக்கெட்டின் கோடுகளை மட்டும் பார்த்தால் தோற்றவன் சாலை கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் என்று தோன்றும். நான்கு அணிகளில் தோற்காதவனுக்கு மூன்று ஆட்டம், முதலிலேயே தோற்றவனுக்கு நான்கு. எட்டு அணி என்றால் நாலுக்கு ஆறு. ஆனால் அந்தக் கூடுதல் ஆட்டங்களுக்கு விலை கொடுப்பது பிட்சர்களின் கைகள். அதனால்தான் ஒரே ஒரு நல்ல பிட்சர் இருக்கும் அணி மேல்சாலையில் பிழைக்கலாம், கீழ்ச்சாலையில் பிழைக்காது. இதே பிரிஸ்டலில் 2014இல் மோனே டேவிஸ் என்ற பெண் மண்டல இறுதியில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பிலடெல்பியா அணியை வில்லியம்ஸ்போர்ட்டுக்குக் கொண்டுபோனார். அங்கேயும் ஒரு ரன் கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை வென்றார், உலகத் தொடரில் அப்படிச் செய்த முதல் பெண். பிறகு லாஸ் வேகஸ் அணியிடம் தோற்ற ஆட்டத்தில் வீசியதால், மறுநாள் சிகாகோ அணியோடு வாழ்வா சாவா ஆட்டத்தில் அவர் பந்தைத் தொட முடியவில்லை. ஒரு ரன்னில் பிலடெல்பியா வெளியேறியது. நாடே பார்த்துக்கொண்டிருந்தது, ஆனாலும் விதி விதிதான். அந்தப் பெண்ணின் கையை அது காப்பாற்றியது என்றே நினைக்கிறேன்.

ஆறாம் நாள், புதன்

பச்சைக்கும் நீலத்துக்கும். பச்சையின் முதல் பிட்சரும் இல்லை, இரண்டாவதும் இல்லை.

ஐந்து பேர் வீசினார்கள். மூன்றாவதாக வந்தவன் அணியிலேயே சின்னவன், சட்டை முட்டி வரை தொங்கியது. அவன் பந்து மெதுவாக, கொஞ்சம் வளைந்து, யாரோ கொய்யா எறிந்த மாதிரி வந்தது. நீல அணியின் பெரிய பையன்கள் வேகமான பந்துக்குப் பழகியவர்கள். பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றிவிட்டார்கள். இரண்டு இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன். கடைசியில் 7க்கு 6. பச்சை இறுதிக்கு வந்தது. சின்னவனை யாரும் தோளில் தூக்கவில்லை, அவனே ஓடிப்போய் முதல் பிட்சரின் முதுகில் ஏறிக்கொண்டான்.

மாலையில் அத்தான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு தோல்விதான் உண்டாகிறது. நான்கு அணிகளில் மூன்று பேர் இரண்டு முறை தோற்க வேண்டும் என்றால் ஆறு ஆட்டம். தோற்காத அணி இறுதியில் தோற்றால் அதற்கும் இன்னொரு வாய்ப்பு வேண்டும், ஏழாவது ஆட்டம். அதை இஃப் கேம் என்கிறார்கள். தேவைப்பட்டால் மட்டும் நடப்பது. டிஸ்ட்ரிக்ட் அளவில் பல இடங்களில் அப்படித்தான். இங்கே மண்டலத்திலும் உலகத் தொடரிலும் அது இல்லை. இறுதி ஒரே ஆட்டம்.

அப்போது மருமகன் தன் டிஸ்ட்ரிக்ட் இறுதியைப் பற்றி முதல் முறையாகப் பேசினான். அவன் அணிதான் தோற்காத அணி. சனிக்கிழமை அவன் 58 பந்து வீசித் தோற்றான். ஞாயிறு இஃப் கேம். அவனால் வீச முடியாது. ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது சான்ஸ் இருந்துச்சு மாமா. கைதான் இல்ல."

அத்தான் விளக்கை அணைத்தார்.

ஏழாம் நாள், வியாழன்

இறுதி ஆட்டத்தைப் பந்து பந்தாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பச்சையின் உயரமான பையன் தொப்பியைத் தொட்டுத் தொட்டு வீசினான். ஆறாவது இன்னிங்ஸில் அவனுக்கு 85 முடிந்தது, திங்கட்கிழமை 48 வீசியவன் வந்து மீதியை முடித்தான். 3க்கு 1. பச்சைப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

சிவப்பு அணி இந்த வாரம் முழுவதும் ஒரே ஒரு முறைதான் தோற்றது. பச்சையும் ஒரே ஒரு முறைதான். ஒன்று சனிக்கிழமை தோற்றது, இன்னொன்று வியாழக்கிழமை. தொலைக்காட்சிக்கும் அட்டவணைக்கும் ஒரே இறுதி ஆட்டம் வசதி என்பது எனக்குப் புரிகிறது. இன்னோர் ஆட்டம் வைத்தால் யார் வீசுவது என்ற கேள்வியும் நியாயம். ஆனாலும் தோற்காமல் வந்தவனுக்கு அதற்கான பலன் ஒரு நாள் ஓய்வு மட்டும்தானா? எனக்கு இது சரியாகப் படவில்லை. ஏழாவது ஆட்டத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். அது வேண்டாமலே போகும் வருடங்களில் பிள்ளைகள் லேக் காம்பவுன்ஸ் போகட்டும்.

ஆட்டம் முடிந்து சிவப்பின் முதல் பிட்சர் டக்அவுட்டிலிருந்து தண்ணீர்ப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். சட்டையில் ஒரு துளி மண் இல்லை. மருமகன் எழுந்து வேலிப் பக்கம் போனான். இங்கே பிள்ளைகள் தங்கள் லீக்கின் சின்ன பின்னை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது வழக்கம். தொப்பியிலிருந்து டிஸ்ட்ரிக்ட் பின்னைக் கழற்றி வேலிக் கம்பிக்குள் நீட்டினான். அந்தப் பையன் தன்னிடம் மாற்றிக் கொடுக்க எதுவும் இல்லை என்று கையை விரித்தான். பரவாயில்லை, வைத்துக்கொள் என்று இவன் சைகை காட்டினான். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

இரவு பதினொன்றுக்கு எடிசன். வீட்டுக்குப் போகும் வழியில் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தச் சொன்னான். அடுத்த வருடம் அவனுக்கு வயது தாண்டிவிடும், ஓடித் தொட வேண்டிய பேஸுக்கு பேஸ் 60 அடி என்ற இந்த அளவு இனி அவனுக்கு இல்லை. ஜூனியர் லீக்கில் பேஸுக்கு பேஸ் 90 அடி, பிட்சருக்கு 60 அடி 6 அங்குலம், பெரியவர்கள் ஆடும் அதே அளவு. கார் வெளிச்சத்தில் ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் மேட்டை நோக்கி நடந்தான். பழைய தூரம் வந்ததும் ஒரு நொடி நின்றான். அப்புறம் மேலே நடந்தான்.

அக்கா போன் செய்தாள். சாப்பாடு சூடாக இருக்கிறதாம்.